இணையச் சந்தையில் உங்கள் பொருளுக்கு வீடியோ சேர்ப்பது எப்படி: குமரி மாவட்டச் சிறு விற்பனையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்த்தாண்டத்துத் தேன், வடசேரிக் கோயில் நகை, பனையோலைப் பெட்டி, கருப்பட்டி, ஏத்தங்காய் சிப்ஸ், தும்பு மிதியடி என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் வீடுகளிலிருந்தும் சிறு கூடங்களிலிருந்தும் இணையச் சந்தைக்குப் போகும் பொருட்கள் பல. இவற்றை விற்பவர்களில் பெரும்பாலோர், வீடியோ சேர்க்கலாம் என்று தோன்றியவுடன் கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். படம்பிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். அந்தப் படத்தைப் பொருள் பக்கத்தில் ஏற்றுவதற்கான தகுதியைத் தரும் ஆவணங்கள் வந்துசேரத்தான் வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. ஆகவே காகித வேலையை முதலிலும் கேமராவைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தேனும் பனையோலைப் பொருட்களும் விற்கும் நான் இந்த வரிசையைப் பல வாசல்களில் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன்; அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எந்தச் சந்தை, எந்தப் பொருள் என்பதை முடிவு செய்யுங்கள்

எல்லாச் சந்தைகளும் வீடியோவை ஒரே மாதிரி நடத்துவதில்லை. அமேசானில், விற்பவரே தம் பொருள் பக்கத்தில் வீடியோ ஏற்றும் வசதி முதன்மையாகப் பிராண்டு பதிவு பெற்றவர்களுக்கானது. பெயர் உங்களுடையது என்று அமேசானிடம் பதிந்துகொள்ளும் அந்தப் பதிவுக்கு வணிகக்குறி (டிரேட்மார்க்) வேண்டும். கைவினைப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற வெளிநாட்டு இணையச் சந்தையான எட்சியில் பிராண்டு பதிவு என்று எதுவும் தேவையில்லை. ஆனால் அங்கே வீடியோ மிகக் குறுகியதாக இருக்க வேண்டும், அதில் உள்ள ஒலி நீக்கப்பட்டுவிடும். ஃபிளிப்கார்ட், மீஷோ போன்றவற்றில் உங்கள் விற்பனையாளர் கணக்கில் பொருள் சேர்க்கும் பக்கத்தைத் திறந்து, உங்கள் பொருள் வகைக்கு வீடியோ ஏற்றும் இடம் காட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் எடுக்கப்படும் வீடியோ பெரும்பாலும் குடும்ப வாட்ஸாப் குழுவில்தான் போய் முடியும்.

அடுத்தது பொருள். உங்களிடம் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் வீடியோ எடுக்க வேண்டாம். புகைப்படத்தைப் பார்த்த பிறகும் வாங்குபவர் மனத்தில் ஒரு கேள்வி மிஞ்சும் பொருளுக்குத்தான் வீடியோ பயன்படும். நூறு கிராம் கிராம்புப் பொட்டலத்துக்கு நல்ல புகைப்படம் போதும். பனையோலைப் பெட்டியின் மூடி இறுக்கமாக உட்காருமா, ஜிமிக்கி காதில் எவ்வளவு நீளம் தொங்கும், கருப்பட்டி கையால் உடையுமா, மிதியடியின் அடிப்பக்கம் தரையில் வழுக்குமா என்பவையெல்லாம் அசைவில் மட்டுமே தெரியும். எதிலிருந்து தொடங்குவது என்று குழம்பினால், எந்தப் பொருள் அதிகமாகத் திரும்பி வருகிறது என்று கணக்கில் பாருங்கள். திரும்பி வருவதற்கு வாங்கியவர் எழுதிய காரணமே உங்கள் வீடியோவின் கதை.

2. பெயரும் அடிப்படைப் பதிவுகளும்

நம் ஊரில் பலருக்கு முதல் தடை பெயரிலேயே இருக்கிறது. ஆதாரில் முன்னெழுத்து, பான் அட்டையில் தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டது, வங்கிக் கணக்கில் முன்னெழுத்து பின்னால் என்று மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தால், சந்தையின் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். கணக்குத் தொடங்குவதற்கு முன் மூன்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பான் அட்டையை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது எளிது, ஏனென்றால் ஜிஎஸ்டி பதிவு பானையே பின்பற்றுகிறது.

ஜிஎஸ்டி பற்றி ஒரு செய்தி நமக்குக் கூடுதல் முக்கியம். 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளரும் இணையச் சந்தை வழியாகப் பொருள் விற்கலாம். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரம்புக்குள் இருக்க வேண்டும், ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொண்டு ஒரு பதிவு எண் மட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த விற்பனை மாநிலத்துக்குள் மட்டுமே நடக்கலாம். மார்த்தாண்டத்தில் இருப்பவருக்குச் சென்னை வாடிக்கையாளர் உள்ளூர்க்காரர். களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் இருப்பவர் வெளிமாநிலத்தவர். திருவனந்தபுரத்து வாடிக்கையாளர்களை நம்பித் தொழில் தொடங்குவோர் பலர் என்பதால், முறையான ஜிஎஸ்டி பதிவை எடுத்துக்கொள்வதே நல்லது என்பேன். பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. பான், ஆதார், புகைப்படம், வங்கி விவரம், தொழில் நடக்கும் இடத்துக்கான மின் கட்டண ரசீது அல்லது சொத்துவரி ரசீது ஆகியவை வேண்டும். வீடு தந்தை பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால் அவரிடமிருந்து ஒப்புதல் கடிதமும் சேர்க்க வேண்டும்; இந்த ஒரு தாள் இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் விளக்கம் கேட்டுத் திரும்புகின்றன. ஆதார் சரிபார்ப்பு சரியாக முடிந்தால் பெரும்பாலும் ஏழு வேலை நாட்களுக்குள் எண் கிடைத்துவிடும்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆனால் தேடுபொறியில் அந்தப் பெயரைத் தட்டினால், கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் அரசுத் தளம் போன்ற தோற்றத்தில் முன்னால் வந்து நிற்கின்றன. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சந்தேகம் இருந்தால் நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். உத்யம் சான்றிதழை அலட்சியப்படுத்தாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் வணிகக்குறிக்கு விண்ணப்பித்தால், அடுத்த படியில் அது உங்களுக்குப் பாதிக் கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

உணவுப் பொருள் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். சிறு உற்பத்தியாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அதற்கான அரசு இணையதளமான ஃபாஸ்காஸில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண் பொருளின் மேல் ஒட்டும் சீட்டில் அச்சிடப்பட வேண்டும். இந்த எண் வந்து, அதைத் தாங்கிய சீட்டு அச்சாகி, புட்டியில் ஒட்டப்பட்ட பிறகுதான் வீடியோ எடுக்க வேண்டும். பழைய சீட்டுடன் எடுத்த வீடியோவும் புதிய சீட்டுடன் போய்ச்சேரும் பொருளும் ஒத்துப்போகாவிட்டால், வாங்குபவர் போலி என்று எழுதிவிடுவார்.

3. பிராண்டு பெயரும் வணிகக்குறியும்

அமேசானில் விற்கும் எண்ணம் இல்லாதவர்கள் இந்தப் படியைத் தள்ளிப்போடலாம். மற்றவர்கள் இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கும்.

ஊர்ப் பெயரும் பொருள் பெயரும் சேர்ந்த பெயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'மார்த்தாண்டம் தேன்', 'குமரி கருப்பட்டி' போன்றவை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பொருளை வர்ணிக்கும் சொல்லையும் அது வரும் ஊரையும் ஒருவருக்கு மட்டும் உரிமையாக்கிக் கொடுக்க வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. பாட்டி பெயரோ, குடும்பத்தின் செல்லப்பெயரோ, நீங்களே உருவாக்கிய சொல்லோ பாதுகாப்பானது. விண்ணப்பிக்கும் முன் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் அதே ஒலியுள்ள பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து மாறினாலும் ஒலி ஒத்திருந்தால் மறுப்பு வரலாம்.

கட்டணம், இணையவழி விண்ணப்பத்தில் தனிநபருக்கும் உத்யம் பதிவுள்ள சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000 ரூபாய். வகுப்பு என்பது பொருளின் இனம்: தேன் 30ஆம் வகுப்பு, வாழைக்காய் சிப்ஸ் 29, நகை 14. தேனும் சிப்ஸும் ஒரே பெயரில் விற்பவர் இரண்டு வகுப்புக்கும் கட்ட வேண்டும். முகவர் வழியாகப் போனால் அவர் கூலி தனி. அரசுக் கட்டணம் எவ்வளவு, தம் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இயன்றால் சின்னத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொற்குறியாகப் பதியுங்கள். சின்னத்தின் வடிவமைப்பு பின்னால் மாறலாம், பெயர் மாறாது.

காலத்தைப் பொறுத்தவரை, விண்ணப்பித்தவுடன் எண் கிடைத்துவிடும். அதன் பிறகு பரிசோதனை, வணிகக்குறி இதழில் வெளியீடு, வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் எதிர்ப்புக்கான அவகாசம் என்று போகும். எல்லாம் சீராக நடந்தாலும் சான்றிதழ் கைக்கு வர ஓராண்டை எதிர்பார்ப்பது நல்லது. நிலுவையில் உள்ள விண்ணப்ப எண்ணைப் பிராண்டு பதிவில் ஏற்கிறார்களா என்பதை விண்ணப்பிக்கும் சமயத்தில் அந்தச் சந்தையின் உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிராண்டு பதிவின்போது, பெயர் அச்சிடப்பட்ட பொருளின் அல்லது உறையின் உண்மையான புகைப்படத்தைக் கேட்பார்கள். கணினியில் ஒட்டிய பெயர் ஏற்கப்படாது. ஒட்டுச்சீட்டைவிடப் பொருளிலேயே நிலையாகப் பதிந்த பெயருக்குச் சிக்கல் குறைவு. பனையோலைப் பெட்டிக்கு மூடியின் உட்புறத்தில் சூடு முத்திரை வைப்பது அழகாகவும் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: அமேசானில் ஒரே பொருள் பக்கத்தைப் பல விற்பனையாளர்கள் பகிர்ந்துகொள்ள முடியும். உங்கள் பிராண்டு அல்லாத பொதுவான பக்கத்தோடு இணைந்து விற்றுக்கொண்டிருந்தால், நீங்கள் பாடுபட்டு எடுத்த வீடியோ பக்கத்து விற்பனையாளரின் சரக்கையும் சேர்த்து விற்றுக்கொடுக்கும். தனிப் பிராண்டில் தனிப் பக்கம் உருவான பிறகே வீடியோவை ஏற்றுங்கள்.

4. வீடியோவில் சொல்லக்கூடாதவை

புகைப்படத்தில் எழுதத் தயங்குவதைக்கூட வீடியோவில் வாய் தவறிச் சொல்லிவிடுகிறோம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

நோய் தீரும் என்று சொல்லாதீர்கள். தேன் சர்க்கரை நோய்க்கு நல்லது, சிறுதேன் கண் நோயைப் போக்கும் என்றெல்லாம் நம் வீடுகளில் பேசுவது வேறு. விற்பனை வீடியோவில் சொல்வது வேறு. 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டமும் உணவு விளம்பரங்கள் தொடர்பான 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இப்படிப்பட்ட உரிமைகோரல்களைத் தடுக்கின்றன. தேன் விற்பவர்கள் விரும்பி எடுக்கும் தண்ணீர்ச் சோதனை, தீக்குச்சிச் சோதனை வீடியோக்களையும் விட்டுவிடுங்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அப்படியே அடியில் போய் உட்காரும். அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை, விவரம் தெரிந்த வாங்குபவரிடம் உங்கள் மதிப்பையும் குறைக்கும்.

புவிசார் குறியீடு நம் மாவட்டத்துக்குப் பெருமை. நாகர்கோவில் கோயில் நகை, ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, கன்னியாகுமரி கிராம்பு, மட்டி வாழை, மார்த்தாண்டம் தேன் ஆகியவை அதைப் பெற்றிருக்கின்றன. ஆனால் இந்த ஊரில் இருந்து விற்பதாலேயே அந்தக் குறியீட்டின் சின்னத்தை வீடியோவில் போட்டுவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது; விண்ணப்பக் கட்டணம் 2020இல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டுவிட்டது. கட்டணம் ஒரு தடையே அல்ல என்னும்போது, முறையாகப் பதிந்துகொண்டு சின்னத்தைப் போடுவதே சரி.

வணிகக்குறி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பெயருக்கு அருகில் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடுவது பதிவு முடிந்த பிறகுதான். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது தண்டனைக்குரிய குற்றம். வடிவமைத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் அழகுக்காக அந்த வட்டத்தைச் சேர்த்துவிடுவது வழக்கம், சரிபாருங்கள்.

விலை, தள்ளுபடி, இலவசமாக அனுப்பி வைக்கிறோம் என்ற வாசகம், தொலைபேசி எண், வாட்ஸாப் எண், இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர், மற்ற நிறுவனத்துப் பொருளோடு ஒப்பீடு, வாங்கியவர்களின் பாராட்டு ஆகியவை பெரிய சந்தைகளில் வீடியோ மறுக்கப்படுவதற்கான வழக்கமான காரணங்கள். புட்டியைச் சுழற்றும்போது பின்சீட்டில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணும் அதிகபட்ச விலையும் தெளிவாகத் தெரிந்துவிடும். ஆகவே வீடியோவில் முன்சீட்டை மட்டும் நெருக்கத்தில் காட்டுங்கள். பின்சீட்டில் சட்டப்படி இருக்க வேண்டிய விவரங்களைப் புகைப்படத்திலும் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம். இன்ஸ்டாகிராமில் எல்லோரும் போடுகிறார்கள் என்பது உரிமை ஆகாது. யூடியூபின் ஒலி நூலகத்தில் கட்டணமில்லாத இசை கிடைக்கிறது. அதிலும் ஒவ்வொன்றுக்கும் உரிய நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள். இசையே இல்லாமல் விட்டாலும் ஒரு குறையும் இல்லை.

5. கருவியும் செலவும்

மூன்று நான்கு ஆண்டுக்குள் வாங்கிய கைப்பேசி போதும். முக்காலி ஒன்று, கையால் சுற்றும் சுழல் தட்டு ஒன்று, இரண்டு தெர்மாகோல் அட்டை, பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் பளபளப்பில்லாத சார்ட் தாள் இரண்டு. இவ்வளவும் ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவில் நாகர்கோவில் கடைகளிலேயே முடிந்துவிடும். வட்ட விளக்கை வாங்காதீர்கள். அது முகத்துக்கு ஏற்றது, நகையிலும் கண்ணாடிப் புட்டியிலும் வெள்ளை வளையமாகப் பிரதிபலித்து எல்லாவற்றையும் கெடுக்கும். வெளியில் ஒளிப்பதிவாளரை வைத்து எடுப்பவர்கள், மூலக்கோப்பு யாருக்குச் சொந்தம், எந்தச் சந்தையிலும் பயன்படுத்தலாமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

6. எடுப்பதற்கு முன் காட்சிகளைத் தாளில் எழுதுங்கள்

இணையச் சந்தையில் வீடியோ பார்ப்பவர் பெரும்பாலும் ஒலியை நிறுத்திவைத்து, கட்டைவிரலைத் திரையின் மேல் தயாராக வைத்துக்கொண்டு பார்க்கிறார். சின்னம் சுழன்று வரும் முன்னுரை, கை கூப்பி வணக்கம் சொல்வது, 'எங்கள் பாரம்பரியம்' என்ற பீடிகை எல்லாம் அவருக்கு வேண்டாதவை. முதல் காட்சியிலேயே பொருள் திரையை நிரப்ப வேண்டும்.

ஒரு பனையோலை மூடிப்பெட்டிக்கு நான் எழுதும் தாள் இப்படி இருக்கும். முதல் மூன்று விநாடி, மூடிய பெட்டி சுழல் தட்டில் கால்வட்டம் திரும்புகிறது. அடுத்த மூன்று விநாடி, ஓலை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் பின்னல், விளிம்பில் நரம்பு வைத்துக் கட்டிய இடம் வரை நெருக்கமாகத் தெரிகிறது. பிறகு ஒரு கை வந்து மூடியைத் தூக்குகிறது. தூக்கும்போது பெட்டி சற்று மேலெழுந்து பிறகு கழன்று விழுவது அந்த இறுக்கத்தைக் காட்டிவிடும், வேறு விளக்கம் தேவையில்லை. அதன் பிறகு உள்ளே அரைக்கிலோ முறுக்கு வைத்து மூடப்படுகிறது. கடைசியாக அளவுகோல் பக்கத்தில் வைக்கப்பட்டு, திரையில் நீளம், அகலம், உயரம் செண்டிமீட்டரில் வருகின்றன. மொத்தம் பதினைந்து விநாடிக்குள் முடிகிறது. இந்த நீளத்தில் ஒரு வடிவத்தை எப்போதும் வைத்துக்கொண்டால் பெரும்பாலான சந்தைகளில் ஏற்றிக்கொள்ளலாம். நீளமாக வேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு காட்சிகளைச் சேர்த்து முப்பது விநாடியாக்கலாம்.

நகைக்கு வேறு வரிசை வேண்டும். முன்பக்கத்தை எல்லோரும் காட்டுகிறார்கள். வாங்குபவர் பார்க்க விரும்புவது பின்பக்கத்தை: திருகு எப்படி இருக்கிறது, விளிம்பு காதைக் குத்துமா, கல் பதித்த குழியின் அடிப்பக்கம் மூடியிருக்கிறதா. ஜிமிக்கியை ஒருவர் காதில் மாட்டி மெதுவாகத் தலையைத் திருப்பினால் நீளமும் ஆட்டமும் தெரிந்துவிடும். பரதநாட்டிய நகைத் தொகுப்பு விற்பவர்கள் சூரியன், சந்திரன், நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றையும் வரிசையாகத் துணியில் எடுத்து வைக்கும் காட்சியை எடுங்கள். தொகுப்பில் என்னென்ன வரும் என்ற சண்டை பின்னால் வராது. வெள்ளியில் தங்கத்தகடு பொதிந்ததா, செம்பில் முலாம் பூசியதா என்பதைத் திரையில் எழுத்தாகவே போட்டுவிடுங்கள்.

தேனுக்கு, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும் காட்சி எல்லோரும் எடுப்பது; இருக்கட்டும். அதோடு, உறைந்து மணல் மணலாக நிற்கும் புட்டி ஒன்றையும், அதை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்ததும் இளகுவதையும் காட்டுங்கள். ரப்பர்த் தோட்டத்துத் தேன் விரைவில் உறையும். வடக்கே குளிர்காலத்தில் அதைப் பெறுபவர் சர்க்கரை கலந்தது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். இந்த ஒரு காட்சி அந்தத் திரும்புதலில் பெரும்பகுதியை நிறுத்தும்.

திரையில் வரும் எழுத்தை எண்களிலும் ஓரிரு சொற்களிலும் நிறுத்துங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் தமிழ். வெளியே போவதானால் ஆங்கிலம். ஒரே திரையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் நெருக்கிப் போடுவதால் யாருக்கும் படிக்க முடிவதில்லை.

7. படம்பிடித்தல்

காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே, வெயில் நேராக விழாத சன்னலோரம் மேசையைப் போடுங்கள். சன்னலுக்கு எதிர்ப்புறம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் பெறுவதால், வெயிலுக்காகக் காத்திருந்தால் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். காத்திருக்க வேண்டாம். மேகமூட்டமான ஒளி பரவலானது, நகைக்கும் கண்ணாடிக்கும் அதுவே ஏற்றது. கனமழையில் வரும் இருட்டை மட்டும் தவிர்த்தால் போதும்.

அறையின் டியூப்லைட்டையும் எல்இடி விளக்கையும் அணைத்துவிடுங்கள். சன்னல் ஒளியும் விளக்கொளியும் கலந்தால் பொன்னிறம் பச்சையாகவும் ஓலை நிறம் சாம்பலாகவும் மாறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால், மலிவான எல்இடி விளக்கின் கீழ் எடுத்த வீடியோவில் கோடுகள் மேலும் கீழுமாக ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். விளக்கு இல்லாமல் முடியாது என்றால், கைப்பேசியின் தொழில்முறை (புரோ) அமைப்பில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். கோடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

கைப்பேசியில் 1080பி, விநாடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) என்று வையுங்கள். 4கே எடுத்தால் கோப்பு பெருக்கும், பயன் மிகக் குறைவு. பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள், ஏற்றிய பிறகு நிறம் வெளிறிப்போவதற்கு அது முக்கியக் காரணம். பொருளை நடுவில் வைத்து நான்கு பக்கமும் இடம் விட்டு எடுத்தால், பின்னால் அகலவாக்காகவும் சதுரமாகவும் வெட்டிக்கொள்ளலாம்.

கை வரும் காட்சியில் நகத்தையும் மோதிரத்தையும் கவனியுங்கள். உணவுப் பொருளென்றால் கையுறை அல்லது சுத்தமான கரண்டி. சாயம் படிந்த விரலால் சிப்ஸை ஒடிக்கும் வீடியோவை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

ஓலை முடையும் அக்காக்களையோ தேனீ வளர்ப்பவரையோ காட்டினால், அவர் ஒப்புக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகள் படச் சட்டத்துக்குள் வரவே கூடாது. விளையாடிக்கொண்டிருந்தாலும் பார்ப்பவர் வேறு விதமாக எடுத்துக்கொள்வார். சுசீந்திரம் கோயில் மண்டபத்திலோ பத்மநாபபுரம் அரண்மனையிலோ நகையை வைத்து எடுக்கும் ஆசை நம் ஊரில் எல்லோருக்கும் வரும். வணிகப் படப்பிடிப்புக்கு முன்அனுமதி வேண்டும்; பத்மநாபபுரம் நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் அனுமதியும் அங்கிருந்துதான் வர வேண்டும். பழுப்புச் சார்ட் தாளில் நகை இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் கருத்து.

8. வெட்டுதலும் கோப்பும்

இன்ஷாட், விஎன் போன்ற கைப்பேசிச் செயலிகள் போதும். இன்ஷாட்டின் இலவச வடிவம் மூலையில் தன் பெயரைப் பதிக்கும். அதை நீக்காமல் ஏற்றினால் மறுக்கப்படலாம். காட்சி மாறும்போது சுழல்வதும் வெடிப்பதுமான அலங்காரங்கள் வேண்டாம், நேரடியாக வெட்டுங்கள். நிறத்தை அழகுபடுத்தும் வடிகட்டிகளையும் தொடாதீர்கள், ஏனென்றால் வீடியோவில் கண்ட சிவப்பும் கையில் வந்த கெம்புக் கல்லின் சிவப்பும் வேறாக இருந்தால் பொருள் திரும்பி வரும்.

எம்பி4 வடிவில் 1080பி அளவில் சேமியுங்கள். எட்சியில் கோப்பு 100 எம்பியைத் தாண்டக் கூடாது. 1080பி வீடியோ, கைப்பேசியின் அமைப்பைப் பொறுத்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 130 எம்பி வரை வரும் என்பதால் பதினைந்து விநாடிக் கோப்பு எளிதில் அடங்கிவிடும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. கைப்பேசியில் எடுத்ததைக் கணினிக்கு மாற்ற வாட்ஸாப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்கிறார்கள். வாட்ஸாப் வீடியோவைச் சுருக்கிவிடும். பிறகு அதை ஏற்றினால் பின்னல் கட்டம் கட்டமாகத் தெரியும். தரவுக் கேபிள், கூகுள் டிரைவ், அல்லது வாட்ஸாப்பிலேயே டாக்குமென்ட் என்ற வழி. இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். வெட்டாத மூலக்கோப்புகளை ஒரு பென்டிரைவில் தனியாக வைத்திருங்கள்.

9. ஏற்றுதலும் மறுப்பும்

எட்சியில் பொருள் பக்கத்தைத் திருத்தும்போது புகைப்படங்களுக்கான பகுதியிலேயே வீடியோவும் ஏறும். அமேசானில் விற்பனையாளர் கணக்கில் வீடியோக்களுக்கான தனிப் பக்கம் இருக்கிறது. தலைப்பு, முகப்புப் படம், எந்தெந்தப் பொருள் எண்களோடு இணைப்பது ஆகியவற்றை அங்கே கேட்பார்கள். தலைப்பில் பொருளின் பெயரையும் அளவையும் எழுதுங்கள், விளம்பர வாசகம் எழுதாதீர்கள். முகப்புப் படத்தைச் செயலி தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் கை மங்கலாக ஆடும் சட்டம் வந்து உட்காரும். தெளிவான சட்டத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். தேன் 250 கிராம், 500 கிராம், ஒரு கிலோ என்று மூன்று அளவில் விற்றால், வீடியோவில் காட்டும் புட்டி எந்த அளவோ அந்த எண்ணோடு மட்டும் இணையுங்கள். 'பெரிய புட்டியைக் காட்டிச் சிறியதை அனுப்பினார்கள்' என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது.

பரிசீலனைக்குச் சில நாட்கள் ஆகும். தீபாவளி, ஓணம், கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்தால், பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள். மறுப்பு வந்தால் காரணம் பெரும்பாலும் ஒற்றை வரியில், எந்த விநாடியில் குற்றம் என்று சொல்லாமல் வரும். நான்காம் படியில் சொன்ன பட்டியலை எடுத்துக்கொண்டு, வீடியோவைச் சட்டம் சட்டமாக நிறுத்திப் பாருங்கள். பின்னணியில் சுவரில் தொங்கும் காலண்டரில் உள்ள கடைத் தொலைபேசி எண்கூடக் காரணமாக இருக்கலாம். திருத்தாமல் அதே கோப்பை மீண்டும் மீண்டும் ஏற்றுவதால் பயனில்லை.

10. ஏற்றிய பிறகு

விற்பனையாளர் கணக்கில் நுழைந்திராத வேறொரு கைப்பேசியில் பொருள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வீட்டு வைஃபையில் வேண்டாம்; குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் இடத்தில் திறந்து, முதல் காட்சி தெளிவாக வருகிறதா, எழுத்து சிறு திரையில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் விட்டு, திரும்பி வந்தவற்றின் காரணங்களையும் வாங்குபவர் கேட்கும் கேள்விகளையும் பழையவற்றோடு ஒப்பிடுங்கள். அதே கேள்வி இன்னமும் வந்துகொண்டிருந்தால், அதற்கான விடை வீடியோவின் கடைசியில் புதைந்திருக்கிறது. அந்தக் காட்சியை முன்னால் கொண்டுவந்து மறுபடி வெட்டுங்கள், புதிதாக எடுக்க வேண்டியதில்லை.

சீட்டின் வடிவமோ, நிகர எடையோ, புட்டியின் உருவமோ, பெட்டியின் அளவோ மாறினால் புதிய சரக்கு அனுப்பத் தொடங்கும் முன் பழைய வீடியோவை எடுத்துவிடுங்கள். புதியது பரிசீலனையில் இருக்கும் நாட்களில் வீடியோ இல்லாமல் பக்கம் நிற்பதால் நட்டமில்லை. பழையதை விட்டுவைத்தால் வரும் ஒவ்வொரு திரும்புதலுக்கும் போகவரக் கூரியர் செலவு உங்கள் கணக்கில்தான் பிடிக்கப்படும்.